பதினாலு நாள் மாத்திரை

எங்கள் மாமாவுக்குக் காய்ச்சலே வராது. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். அம்மாவின் ஒரே தம்பி அவர். ஒடிசாவில் மலைக்காடுகளுக்கு நடுவே மின்கம்பி கொண்டுபோகும் டவர்களை நிறுத்துகிற வேலையில் எட்டு வருடம் இருந்தவர், நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் ஆனி மாதத்தில் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். காட்டில் கொட்டகை போட்டுத் தங்கியதையும், மழைக்காலம் தொடங்கினால் ஆள் மாற்றி ஆள் காய்ச்சலில் படுத்துக்கொள்வதையும் ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி சொல்வார். முதல் வருடம் அவரும் மூன்று முறை படுத்தாராம். இரண்டாம் வருடம் ஒரு முறை. அதற்கப்புறம் லேசான தலைவலியோடு போய்விடுமாம்.

அவர் வந்தது கல்யாணத்துக்காக. தாய் தகப்பன் இல்லாத தம்பிக்குப் பெண் பார்க்கும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள் பொருத்தமாக வந்தாள். ஆடிப்பூரத் தேருக்குப் போகிற சாக்கில் இரண்டு வீட்டாரும் சந்தித்துக்கொண்டார்கள். அந்த அக்கா என் சடையைப் பிரித்துத் திரும்பப் பின்னிவிட்டது நினைவிருக்கிறது. ஆவணி பிறந்ததும் உறுதி செய்வது, தையில் முகூர்த்தம் என்று பேச்சு முடிந்தது.

ஆடி கடைசியில் எனக்குக் காய்ச்சல் கண்டது.

பக்கத்துத் தெரு டாக்டர் ஊசி போட்டார். மறுநாள் சரியாகிவிட்டது. பள்ளிக்கூடம் போனேன். அதற்கு மறுநாள் மதியம் மூன்று மணிக்குப் பல் கிட்டிக்கொண்டு நடுங்கினேன். திரும்ப ஊசி. திரும்ப ஒரு நாள் சுகம். மூன்றாவது தடவை நடுக்கம் வந்தபோது மாமா கடிகாரத்தைப் பார்த்தார்.

"அக்கா, இது ஊசிக்குக் கேக்காது. ஒண்ணு விட்டு ஒரு நாள், அதே மூணு மணி. நான் இதை எம்புட்டு தடவ பாத்திருக்கேன். ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லு."

அம்மா நம்பவில்லை. நம் ஊரில் ஏது மலேரியா என்றாள். மாமாவே போய்ச் சுகாதார நர்ஸைக் கூட்டிவந்தார். அந்த அம்மா என் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரண்டு இடத்தில் ரத்தம் தேய்த்து எடுத்துப் போனார். முடிவு வர இரண்டு நாள் ஆனது. நடுவில் இன்னொரு நடுக்கம் வந்தது. வீட்டிலிருந்த போர்வை எல்லாவற்றையும் என்மேல் போட்டும் கட்டில் ஆடியது. அம்மா அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து என் கால்களைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாத தாயி. உன் ரத்தத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி பூந்திருக்கு. செவப்பு அணுவுக்குள்ள ஒளிஞ்சு பெருகிக்கிட்டு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா எல்லாம் ஒண்ணாச் சேந்து உடைச்சுக்கிட்டு வெளிய வரும். அப்பத்தான் உன் உடம்பு அதைப் பாக்குது. பாத்ததும் சூட்டைக் கூட்டுது. குளிருன்னு நீ நெனைக்கே. உன் உடம்பு அடுப்பு மூட்டுதுன்னு நான் சொல்லுதேன்."

நடுங்கிக்கொண்டே கேட்டேன். அவர் என் இடது விலாவுக்குக் கீழே மெதுவாக அழுத்தினார். வலித்தது. அங்கே மண்ணீரல் என்று ஒன்று இருக்கிறது, கெட்டுப்போன அணுக்களைச் சலித்து எடுப்பது அதுதான், வேலை கூடினால் வீங்கும் என்றார். பிறகு சட்டையைத் தூக்கித் தன் விலாவில் என் கையை வைத்தார். அவருக்கும் அங்கே ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது.

"ஒங்களுக்கு ஏன் மாமா காய்ச்சல் வரல?"

"எனக்கா? எட்டு வருசமா என் உடம்பு அதுககூடச் சண்டை போட்டுப் பழகிருச்சு. ஒரு தடவ பாத்துட்டா உடம்பு மறக்காது. உள்ளயே புடிச்சு அமுக்கிரும். காட்டுல நாங்கல்லாம் மாத்திரையா தின்னோம்? மாத்திரையெல்லாம் புதுசா வாரவனுக்கு."

அழுகிற பிள்ளைக்குச் சொன்ன ஆறுதல் அது. நான் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டேன்.

முடிவு வந்தது. மலேரியாதான். மூன்று நாள் மாத்திரையில் காய்ச்சல் நின்றது. அதோடு, தினமும் ஒன்றாகப் பதினாலு நாள் போடவேண்டிய செங்கல் நிற மாத்திரையும் தந்தார்கள். நர்ஸ் எங்கள் வீட்டில் எல்லார் விரலையும் குத்தி ரத்தம் எடுத்தார். எதிர்வீட்டிலும் எடுத்தார். கொல்லையில் மூடியில்லாத எங்கள் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு நெளிந்தது. அதில் மருந்து ஊற்றி, மூடி போடச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அத்தனை பேரில் ஒருவருடைய ரத்தத்தில்தான் கிருமி இருந்தது. காய்ச்சலே வராத எங்கள் மாமாவின் ரத்தத்தில்.

அவருக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. ஊருக்கு வந்ததிலிருந்து ஒரு நாள்கூடப் படுக்காத மனிதரை நோயாளி என்றால் எப்படி இருக்கும். அவரிடமிருந்து கொசு எடுத்துக்கொண்டுபோய் எனக்குக் கொடுத்திருக்கலாம் என்று நர்ஸ் தணிந்த குரலில்தான் சொன்னார். அடுத்த தெருவில் இருந்த அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, அது மட்டும் நன்றாகக் கேட்டுவிட்டது. எதிர்வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அந்த வீட்டு அம்மா தன் மகளிடம் "அக்கடிக்கி போவத்து" என்று எங்கள் வாசலைக் காட்டிச் சொன்னது, அங்கே போகாதே என்பதுதான் என்று எனக்கும் புரிந்தது. மாமா தன் பங்குக்குக் கொடுத்த பதினாலு நாள் மாத்திரையையும் தினமும் சோறு சாப்பிட்டதும் அம்மாவின் கண்ணெதிரே, பாக்கு மெல்லுகிறவர் மாதிரி வாயில் போட்டுக்கொண்டார்.

நான் போட்டுக்கொண்டது நான்கே நாள்தான்.

ஐந்தாம் நாள் வயிற்றைப் புரட்டியது. காய்ச்சல் போய்விட்டது. பள்ளிக்கூடம் போகிறேன், ஓடுகிறேன், இன்னும் எதற்கு இந்தக் கசப்பு? மாமாவின் உடம்பு எந்த மாத்திரையும் இல்லாமல் பூச்சிகளைப் பிடித்து அமுக்கியது. என் உடம்பும் ஒரு தடவை பார்த்துவிட்டது, இனி மறக்காது. அம்மா தினமும் சோறு போட்டபிறகு தன் கையாலேயே என் வாயில் மாத்திரையைப் போட்டு, தண்ணீர் குடிக்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். அதைக் கன்னத்தின் உள்பக்கம் ஒதுக்கிக்கொள்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீர் போகும் துவாரத்தில் துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பேன். இப்படிப் பத்து நாள். கெட்டிக்காரத்தனத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் உறுதி செய்தார்கள். பெண்வீட்டாரிடம் அப்பா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மருந்து சாப்பிட்டாயிற்று, இனி ஒன்றுமில்லை என்று நர்ஸும் சொன்னதால் அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமா சோழபுரம் பக்கம் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியன் வேலைக்குச் சேர்ந்தார். இனி ஒடிசா இல்லை என்று பெட்டியைப் பரண்மேல் ஏற்றினார்.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பில் எனக்கு உடம்பு நடுங்கியது.

முதல் தடவை அளவுக்கு இல்லை. இரண்டு நடுக்கத்தோடு நின்றுவிட்டது. ஆனால் விரல் குத்திப் பார்த்ததில் அதே கிருமி. நர்ஸ் அம்மாவிடம் கேட்டார்: "பிள்ளை மாத்திரைய முழுசாச் சாப்பிட்டாளாம்மா?" நான் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அம்மா சொன்னாள்: "என் கையாலதான் வாயில போட்டேன். பதினாலு நாளும்." உண்மைதான், அவள் கையால்தான் போட்டாள். அப்படியானால் புதிதாகக் கொசு கடித்திருக்கலாம் என்று அவர் எழுதிக்கொண்டார். மாமாவின் ரத்தத்தையும் மறுபடி எடுத்தார்.

புதிதாகக் கடித்த கொசு எங்கிருந்து எடுத்து வந்தது? அந்தக் கேள்வியைத்தான் அத்தை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். "பிள்ளை இருக்கிற வீட்டுல நோயைக் கொண்டாந்து வச்சிருக்கு. ஆளு கல்லு மாதிரி நடமாடுது, பச்சப்பிள்ளை கெடந்து சாகுது." அப்பா அவளை அடக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செய்தி போக ஒரு பஸ் நேரம் போதும். மூன்றாம் நாள் பெண்ணின் அப்பா வந்தார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா கொண்டுவந்த காப்பி ஆறி ஆடை கட்டியது. மாமா சுவரோரம் நின்றார். அப்பாவும் அத்தையும் இருந்தார்கள். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"தப்பா எடுத்துக்கிடாதீக," என்றார் அவர். "காய்ச்சல்காரன்னா பக்குவமாப் பாத்துக்கலாம். இவியளுக்கு உள்ள இருக்கு, வெளிய தெரியல. நாளைக்கு எம்பொண்ணுக்கு ஒரு பிள்ளை குட்டி ஆச்சுன்னா..."

"நான் பதினாலு நாளும் மாத்திரை போட்டேங்க," என்றார் மாமா. "ரத்தம் எடுத்திருக்காக. செத்தப் பொறுத்தா ரிசல்ட்டு வந்துரும்."

அத்தை அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: "மாத்திரை போட்டா பொறவு எப்பிடி வந்துச்சாம்? ஒண்ணு இவன் போடல, இல்ல நீ பிள்ளைக்குக் குடுக்கல."

நான் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியதாகப் பல வருடங்கள் என்னையே நம்பவைத்து வந்திருக்கிறேன். நிஜத்தில் தோன்றியதா என்று உறுதியாகத் தெரியவில்லை. அடி விழும் என்ற பயம்தான் நன்றாக நினைவிருக்கிறது.

அம்மா சொன்னாள்: "அவன் போட்டிருக்க மாட்டான். சின்னப்பிள்ளையில இருந்தே அப்படித்தான், எதையும் முழுசாச் செய்யமாட்டான்."

மாமா அக்காவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சரிக்கா," என்றார்.

பெண்ணின் அப்பா எழுந்து போனார். கல்யாணம் நின்றுவிட்டது என்று எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. பரண்மேலிருந்து பெட்டி இறங்கியதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நான்கு நாள் கழித்து மாமாவின் ரத்தத்தில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தார். "இப்ப இல்லைன்னா அப்ப இருந்திருக்கும்," என்று அம்மா அந்தத் தாளை மடித்துவைத்தாள். மாமாவுக்குப் பழைய கம்பெனியிலிருந்து அதற்குள் போன் வந்திருந்தது. வரச்சொல்லிவிட்டார்கள்.

மதுரை பஸ் ஏற்றிவிட அப்பாவோடு நானும் போனேன். அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில் மாமா என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"இந்தத் தடவ குடுத்த மாத்திரையாச்சும் முழுசாப் போடுதியா?"

தலையாட்டினேன். அது உண்மைதான். இந்த முறை பயத்தில் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

"கசந்தாலும் போட்டுரணும். நான் அன்னைக்குப் பேசுனதெல்லாம் கிறுக்குத்தனம். நான் சொன்னேன்னு நீ எதையும் செஞ்சிறாத, என்ன?"

அதற்கும் தலையாட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரதேசம் போகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரே தடவை. நான் பெரியமனுஷி ஆனபோது தாய்மாமன் முறை செய்ய வந்தார். பட்டுப்பாவாடையும் மாலையும் கொண்டுவந்து, மணையில் உட்கார்த்தி, செய்யவேண்டியதெல்லாம் குறைவில்லாமல் செய்தார். சாயங்காலம் ஆனதும் வன்னியம்பட்டியில் ஒரு சிநேகிதன் வீட்டில் தங்கப்போவதாகச் சொல்லிப் புறப்பட்டுவிட்டார். எங்கள் வீட்டில் அவர் படுக்கவில்லை. அம்மா வற்புறுத்தவும் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ரத்தப் பரிசோதனைப் படிப்புக்குச் சேர்ந்தேன். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன லேப்பில் வேலை. படித்த இரண்டாம் வருடம் வகுப்பில் மலேரியா வந்தது. மாமா கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னதில் பெரும்பகுதி சரி. அணு உடைவது சரி, உடம்பே சூட்டைக் கூட்டுவது சரி, மண்ணீரல் வீங்குவது சரி. திரும்பத் திரும்பக் காய்ச்சல் பட்டவர்களின் உடம்பு அந்தக் கிருமியைப் பழகிக்கொண்டு, முழுசாக ஒழிக்காமல், தலைதூக்கவும் விடாமல் வைத்திருக்கும் என்பதும் சரி. மாமா பொய் சொல்லவில்லை, அவருக்குக் காய்ச்சல் வராததற்கு அதுதான் காரணம்.

ஆனால் ஆசிரியர் இன்னொன்றும் சொன்னார். கொசு கடித்ததும் கிருமி முதலில் போவது ரத்த அணுவுக்கு இல்லை, ஈரலுக்கு. அங்கிருந்து ஒரு பகுதி ரத்தத்துக்கு வந்து காய்ச்சல் தரும். எனக்கு வந்த வகையில் இன்னொரு பகுதி ஈரலிலேயே தூங்கிவிடும். ரத்தத்தில் நடமாடுகிறதை எதிர்த்து உடம்பு எவ்வளவு கற்றுக்கொண்டாலும், தூங்குகிறதை அதனால் கண்டுபிடிக்க முடியாது. மூன்று நாள் மாத்திரை ரத்தத்தைச் சுத்தம் செய்யும். ஈரலுக்குத்தான் அந்தப் பதினாலு நாள். அதை விட்டால் சில வாரத்திலோ சில மாதத்திலோ தூங்குவது எழுந்து வரும். புதிதாக எந்தக் கொசுவும் கடிக்கவேண்டியதில்லை.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் என்ன என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

அன்றைக்கே போன் செய்திருக்கலாம். மாமாவின் நம்பர் என்னிடம் இருந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவரே கூப்பிடுவார். "என்ன தாயி, அடுப்பு மூட்டுதா?" என்று கேட்பார். நானும் சிரிப்பேன். அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு தனி மனிதரிடம், உங்கள் கல்யாணம் நின்றது என்னால்தான் என்று போனில் எப்படிச் சொல்வது? நேரில் வரும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். என் கல்யாணத்துக்குக்கூட வேலை என்று வராமல் இருந்துவிட்டார். சீர் மட்டும் வந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒடிசாவிலேயே, நெஞ்சுவலியில் போய்விட்டார். கூட வேலை பார்த்தவர்கள் சொல்லி அப்பாவும் என் வீட்டுக்காரரும் போய்ச் சேருவதற்குள் இரண்டு நாள் ஆகிவிட்டது. காரியத்தை அங்கேயே முடித்துவிட்டு வந்தார்கள். மூட்டுவலியால் ரயிலில் போகமுடியாத அம்மா தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் முடிந்து சொந்தக்காரர்கள் போனபிறகு, நானும் அம்மாவும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அப்போது சொன்னேன். ஐந்தாம் நாளிலிருந்து விழுங்கவில்லை, குளியலறையில் துப்பினேன், மாமா மேல் எந்தத் தப்பும் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஈரல், தூங்கும் கிருமி என்று என் படிப்பையும் சேர்த்துச் சொன்னேன். அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா கையிலிருந்த தட்டைத் துடைத்து முடித்தாள்.

"துவாரத்துக் கம்பியில ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு," என்றாள். "பாதி கரைஞ்சு போயி. நான்தான் தண்ணி ஊத்தித் தள்ளிவிட்டேன். ஒரு நாளு துப்பிட்டபோலன்னு அப்ப விட்டுட்டேன். திரும்பக் காய்ச்சல் வந்தப்பத்தான் நெஞ்சுல இடிச்சது."

"பொறவு ஏம்மா மாமாவ..."

"உங்க அத்தை நிக்கா. உங்க அப்பா நிக்காக. பெத்த பிள்ளைக்கு மாத்திரை குடுக்கத் தெரியாதவள்னு சொல்லிட்டா அந்த வீட்டுல நான் எப்பிடி இருக்க?" அடுத்த தட்டை எடுத்தாள். "தம்பிதான, பொறுத்துக்குவான்னு நெனச்சேன். அவனும் பொறுத்துக்கிட்டான். ஏங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

அவருக்கும் தெரியும் என்று நான் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவர் கேட்ட கேள்வியின் அர்த்தம் எனக்கே அந்த நிமிடத்தில்தான் முழுசாகப் பிடிபட்டது. தன் வாய்ப்பேச்சுதான் என்னைக் கெடுத்தது என்று எண்ணி, ஒன்பது வயதுப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், அக்காவின் பொய்யைத் தன்மேல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

அன்று கதவுக்குப் பின்னால் நின்றபோது, அந்தக் கூடத்தில் எல்லோரும் நிஜமாகவே அவரைச் சந்தேகப்படுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்வது பிள்ளைகள் மட்டும் செய்கிற காரியம் என்று நான் நம்பியிருந்த வயது அது.